கால்மாட்டில் ஒரு கட்டி

மெத்தைக் கடைக்குள் போக வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் முதலில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசல் சுவரில் ஓர் ஆணி, அதில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. தீப்பெட்டி, லைட்டர் எது இருந்தாலும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்கலாம். ஒருமுறை கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவர், "நான் என்ன உன் கடையைக் கொளுத்தவா வந்தேன்?" என்று முறைத்தார். மெத்தைக்காரர் முறைப்புக்கெல்லாம் அசைகிற ஆளில்லை. "கொளுத்தணும்னு வந்து யாரும் கொளுத்தினதில்லைங்க. மறந்து போய்க் கொளுத்தினவங்கதான் எல்லாரும்" என்றார். பெரிய மனிதர் முணுமுணுத்துக்கொண்டே லைட்டரை டப்பாவில் போட்டார். போகும்போது அதை எடுக்க மறந்தும் போனார்.

அந்த டப்பாவில் தினமும் முதலில் விழுவது மெத்தைக்காரரின் தீப்பெட்டிதான். மனிதர் அப்படிப் புகைப்பார். கடைக்குள் ஒரு நாளும் பற்றவைத்ததில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் வாசலுக்கு வந்துவிட்டால் வட்டியும் முதலுமாக ஊதித் தள்ளிவிடுவார்.

நான் அவர்களுக்கு மெத்தை உறை தைத்துக் கொடுப்பவள். தெருவின் அடிவாரத்தில் என் வீடு, மேட்டு முனையில் அவர்கள் கடை. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையும் அடுப்படியும், அதுதான் வீடு. மகளைக் கட்டிக்கொடுத்து வெகுதூரம் அனுப்பிவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அவர் பெண்டாட்டி எனக்கு அக்கா மாதிரி, அப்படித்தான் கூப்பிடுவேன். அக்கா பஞ்சு அடிக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்வாள். பழைய மெத்தையைப் பிரித்து, கெட்டிப்பட்ட பஞ்சைக் கையால் உதிர்த்து, மிஷினின் பலகையில் வைத்துத் தள்ளினால் உள்ளே முள் உருளை அதை வாங்கிச் சுழற்றி, பின்பக்கம் பூவாகத் துப்பும். அவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து உறைக்குள் பஞ்சைத் திணித்து, கோணி ஊசியால் ஓரம் தைப்பார். அவருடைய ஓரத் தையலைப் பார்த்தால் தையல்காரியான எனக்கே வயிறு எரியும். மெத்தையைச் சுற்றி ஒரே நூல். எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தேட வேண்டும். கடைசி முடிச்சை மூலைக்குள் தள்ளி மறைத்துவிடுவார்.

மிஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அக்காவைக் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு பிடி பஞ்சை உருட்டி அவள் முதுகில் எறிவார். அவள் திரும்பாமலே மிஷினை நிறுத்துவாள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது அழகுக்காக வந்த வழக்கம் இல்லை. அவர் குரல் போய்ப் பல வருஷமாகிறது. நாலு வார்த்தை சத்தமாகச் சொன்னால் ஐந்தாவது வார்த்தை இருமல்தான்.

மழைக்காலத்தில் அந்த இருமல் முற்றியது. ஈரப் பஞ்சு கனத்துக் கிடந்தது, வேலை ஓடவில்லை. ஒரு நாள் உறை வாங்க என் வீட்டுக்கு வந்தவர் திரும்பி மேடேறும்போது வழியில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா ஓடி வந்து அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீயும் ஆஸ்பத்திரிக்கு வா தங்கச்சி. எனக்குத் தனியா அந்தச் சேதியைக் கேக்கத் தைரியம் இல்ல" என்றாள்.

டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். மெத்தைக்காரர் கன்னம் உப்ப ஊதினார். கருவியில் இருந்த முள் ஏதோ கடனுக்கு அசைந்துவிட்டு நின்றது.

"இந்த நுரையீரல் உங்க அப்பா வயசுல இருக்கு."

"எங்கப்பா போய்ச் சேந்துட்டாருங்களே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அக்கா முந்தானையைப் பிசைந்தாள். "நிறுத்திட்டா பழையபடி ஆயிடுமாங்க?"

"போனது போனதுதாம்மா. ஆனா மிச்சம் இருக்கறது தங்கும். சளி குறையும், மூச்சு கொஞ்சம் தெளியும். வேலைல தூசி வேற இருக்கு, மூக்கைக் கட்டிக்கிட்டுச் செய்யட்டும். ஆனா புகையை விடாம தூசியைப் பத்திப் பேசிப் பிரயோஜனம் இல்ல. விடலைன்னா கட்டில் பக்கத்துல ஆக்சிஜன் சிலிண்டரை வெச்சுக்கிட்டுத்தான் படுக்கணும். அதுவும் எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் ஒரு நர்ஸ் எங்களை உட்கார வைத்தாள். வயசில் சின்னவள், பேச்சில் மாமியார்.

"வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன்னு மலைக்காதீங்க பெரியவரே. இந்தத் தடவை வேணாம், அவ்வளவுதான். ஆசை கிளம்பும், அஞ்சு பத்து நிமிஷம் ஆட்டி வைக்கும், அப்புறம் தானா இறங்கும். அந்த நேரத்தை மட்டும் தள்ளுங்க. தண்ணி குடிங்க, எழுந்து நடங்க, கைக்கு ஒரு வேலை குடுங்க. வழக்கமா எங்க நின்னு பிடிப்பீங்க?"

"சாப்ட்டுட்டு வாசல்ல. அப்புறம் டீக்கடைல."

"கொஞ்ச நாளைக்கு டீயை வீட்லயே குடிங்க. சாப்ட்ட கையோட பாத்திரத்தைக் கழுவுங்க."

"அதை இவ்வளவு நாளா நான் சொன்னப்ப யாருக்கும் காது கேக்கல" என்றாள் அக்கா.

"தலை வலிக்கும், கோவம் வரும், தூக்கம் கெடும். முதல் வாரம்தான் ரொம்ப மோசம். அதுக்குத்தான் இந்த மருந்து போட்ட சூயிங்கம். மெதுவா மெல்லணும், புல் மேயற மாதிரி இல்ல."

"நடுவுல ஒண்ணு பிடிச்சுட்டா?" என்று கேட்டார் அவர். குரல் திருட்டுத்தனமாக இருந்தது.

"அந்த ஒண்ணோட நிறுத்துங்க. அதான் கெட்டுப்போச்சே, இனிமே என்னன்னு மிச்சத்தையும் காலி பண்றவங்கதான் திரும்ப இங்க வர்றாங்க. ஒண்ணு மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க. வீட்ல எதையும் வெச்சுக்காதீங்க. ஒரு சிகரெட்டு, ஒரு தீக்குச்சி, எதுவும். எல்லாத்தையும் தண்ணில நனைச்சுத் தூக்கிப் போடுங்க."

"சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

முதல் தடவை சாக்கடையில் எறிந்தார், மறுநாளே புதுசு வாங்கினார். இரண்டாம் தடவை பாக்கெட்டை என்னிடம் கொடுத்து, "நான் காலைப் பிடிச்சாலும் குடுக்காத தங்கச்சி" என்றார். சாயங்காலமே வந்து நின்றார். காலைப் பிடிக்கவில்லை, என் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் பாக்கெட்டை எடுத்து அவர் முன்னால் எறிந்தேன். மூன்றாம் தடவைதான் அந்தக் காரியத்தைச் செய்தார். அது எனக்குத் தெரிய வந்தது பின்னால். கதை கேட்கிறவர்கள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்தான் அவருக்குப் பயம் கிளம்பியதாம். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால் தானாகக் கடைக்கு ஓடும். எங்கோ ஒரு பாக்கெட் இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மனசு படுத்துக்கொள்ளும். ஆனால் சுலபமாக எடுக்க முடியவும் கூடாது. யோசித்து யோசித்து, தாங்கள் இருவரும் படுக்கும் மெத்தையைப் புதுப்பித்துத் தைத்த அன்று, ஒரு முழுப் பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் கால்மாட்டில் பஞ்சுக்குள் வைத்து, சுற்றி ஓரம் தைத்துவிட்டார். தன் தையலைத் தானே பிரிப்பது என்பது அவருக்குச் சொந்த விரலை வெட்டுவது மாதிரி. அந்த ரோஷத்தைக் காவல் வைத்தார்.

தீப்பெட்டி எதற்கு என்று பின்னால் நான் சண்டை பிடித்தேன். "தீப்பெட்டி இல்லாத பாக்கெட்டை மனசு நம்பலைம்மா" என்றார். ஊரையே டப்பாவில் போட வைத்தவர், தன் இடுப்பில் மறைத்து அதை உள்ளே கொண்டுபோயிருக்கிறார். அக்காவிடம் எல்லாவற்றையும் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அவள் நம்பினாள்.

அந்த முதல் வாரம் எதிரிக்கும் வரக்கூடாது. எதைத் தொட்டாலும் எரிந்து விழுந்தார். நூல் அறுந்தால் என்னைத் திட்டினார், மழை பெய்தால் அக்காவைத் திட்டினார். நூலை உருண்டையாகச் சுற்றுவார், சுற்றியதைப் பிரிப்பார், மறுபடி சுற்றுவார். அக்கா வேலை நடுவே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"பயமா இருக்கு தங்கச்சி. பிடிச்சிட்டு இருந்தப்ப இருமறாரேன்னு பயம். இப்ப இருமல் நின்னா, மூச்சு நின்னுடுச்சோன்னு பயம். துணி துவைக்கும்போது அவர் சட்டையை எடுத்து மோந்து பாக்கறேன். புகை வாசனை இருக்குமோன்னு. நம்பாம இப்படிப் பண்றமேன்னும் இருக்கு, மோந்து பாக்காமலும் இருக்க முடியல."

"இருந்துச்சா?"

"இதுவரைக்கும் இல்ல. நாளைக்கு இருந்துட்டா? டாக்டர் சொன்னாரே, சிலிண்டர். அந்தப் பஞ்சுக்கு நடுவுல நான் அவரை எப்படிப் படுக்க வைப்பேன்? அவர் இல்லாம அந்த மிஷினை யாருக்காக ஓட்டுவேன்?"

நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்.

மழை விட்டது. வெயில் வந்து பஞ்சு காய்ந்தது. அவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். காலையில் துப்புகிற கறுப்புச் சளி குறைந்தது. சாப்பாட்டில் உப்பு கரிக்கிறது என்று குறை சொல்ல ஆரம்பித்தார். "இத்தனை வருஷமா அதே உப்புதான். இப்பத்தான் நாக்கு பொறந்திருக்கு" என்றாள் அக்கா. கொஞ்ச நாள் டீக்கடை வழியாகப் போகாமல் சந்து வழியாகச் சுற்றிப் போனார். அப்புறம் டீக்கடை வழியாகவே போனார், நிற்காமல். என் வீட்டிலிருந்து மேடேறும்போது நடுவில் உட்கார்வது நின்று, சுவரைப் பிடித்து நிற்பதாகி, அதுவும் போனது.

ஆனால் தினமும் படுக்கும்போது கால்மாட்டில் அது இருப்பது அவருக்குத் தெரியும். முதலில் தைரியம் கொடுத்த சாமான், போகப் போகப் பயமுறுத்த ஆரம்பித்ததாம். புரண்டு படுத்தால் உரசிவிடுமோ என்று காலை மடக்கிக்கொண்டே தூங்கியிருக்கிறார். எடுத்துவிடலாம் என்றால் பிரிக்க வேண்டும். பிரித்தால் பாக்கெட் கைக்கு வரும். கைக்கு வந்தால் என்ன செய்வோம் என்று அவருக்கே தெரியவில்லை. இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். தள்ளிப் போடச் சொல்லிக் கொடுத்த அந்த நர்ஸைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் காலை மடக்கிப் படுப்பதை அக்கா பார்த்தாள். மெத்தை சரியில்லை என்று நினைத்தாள். விரிப்பு மாற்றும்போது கால்மாட்டில் கட்டியாக ஏதோ அவள் கைக்குத் தட்டுப்பட்டது. பஞ்சு ஈரத்தில் கெட்டிப்பட்டுவிட்டது என்று தீர்மானித்தாள்.

அன்று காலை அவள் என் வீட்டுக்கு வந்தபோது முகம் கழுவி விட்டது போல் இருந்தது. "உன் தையல் பிரிக்கிற பிளேடைக் குடு தங்கச்சி. என்னோடது மொட்டை. மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டார், அவருக்கு நான் ஒண்ணும் செய்யல. அவர் மெத்தை கட்டி தட்டிப் போச்சு. அவர் வெளிய குடுக்க வேண்டிய மெத்தையைக் குடுத்துட்டு வர்றதுக்குள்ள பிரிச்சு, அடிச்சு, பூ மாதிரி ஆக்கி வெச்சிடறேன். சொல்லிடாத."

கொடுத்தேன். சந்தோஷமாகவே கொடுத்தேன்.

மெத்தைத் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. வெளியிலிருந்து வரும் பழைய மெத்தையைப் பிரித்ததும் மிஷினில் போடமாட்டார்கள். தரையில் பரப்பி, பிடி பிடியாகக் கையால் அளைந்து பார்ப்பார்கள். சாவி இருக்கும், காசு இருக்கும், ஹேர்பின் இருக்கும். இரும்பு முள்ளில் பட்டால் பொறி பறக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கடை அப்படித்தான் போனது. யாரோ கொடுத்த பழைய தலையணைக்குள் கிடந்த ஒரே ஒரு தீக்குச்சி. பஞ்சில் பிடித்த நெருப்பு வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஓடி, தெரியும்போது கூரை வரை எழுந்ததாம். மிஷின் பக்கத்தில் நின்றவள் வெளியே வரவே இல்லை. அந்தக் கதையை அக்காவே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஊரார் மெத்தையை எல்லாம் அளைந்து அளைந்து அவள் விரல் தேய்ந்திருக்கிறது. ஆனால் அன்று பிரித்தது சொந்த மெத்தை. தான் அடித்துக் கொடுத்த பஞ்சை வைத்துத் தன் புருஷன் தைத்தது. அதை எவளாவது அளைந்து பார்ப்பாளா?

வெயில் ஏறிய நேரத்தில் மெத்தைக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கொடுக்க வேண்டிய மெத்தைகளைக் கொடுத்துவிட்டு, தைத்த உறைகளை வாங்க வந்திருந்தார். சூயிங்கத்தைக்கூட விட்டுவிட்டார், வாயில் ஒரு கிராம்பு. கேலி செய்யலாம் என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. ரகசியம் காக்க எனக்குத் தெரியாது, அதுவும் நல்ல ரகசியம் என்றால்.

"சீக்கிரம் போகாதீங்கண்ணே. அங்க உங்களுக்கு விருந்து தயாராகுது."

"என்ன விருந்து?"

"இன்னிக்கு ராஜா மாதிரி படுக்கலாம். உங்க மெத்தையைப் பிரிச்சு அடிக்கிறாங்க அக்கா. கால்மாட்டுல கட்டியா இருக்காமே."

அவர் கையிலிருந்த உறைகள் தரையில் விழுந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், கிராம்புதான் விழுந்தது.

"தீப்பெட்டி" என்றார். "உள்ள தீப்பெட்டி இருக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் வாசலில் இல்லை. நான் போனை எடுத்து அக்காவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிஷின் ஓடும்போது அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது? மேட்டு முனையிலிருந்து அந்த இரைச்சல் மெலிதாக என் வீட்டுக்கே கேட்டது. போனைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

அவர் எனக்கு வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் உட்கார்ந்த இடத்தைத் தாண்டினார். டீக்கடையில் நின்றவர்கள், "என்னாச்சு, என்னாச்சு?" என்றார்கள். அவர் செருப்பு ஒன்று நடுத்தெருவில் கிடந்தது. விழுந்துவிடுவார், இப்போது விழுந்துவிடுவார் என்று நான் பின்னால் அழுதுகொண்டே ஓடினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய்விடப்போகிறார்கள், நான் கொடுத்த பிளேடால்தான் என்று ஓடினேன். எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

கடை வாசலை நான் எட்டும்போது அவர் உள்ளே நுழைந்துவிட்டார். உள்ளே எல்லாம் வெள்ளை. பஞ்சுத் துகள் பனி மாதிரி மிதந்தது. வழி மறித்து ஆள் உயரத்துக்கு மூட்டைகள். அதற்கு அந்தப் பக்கம் அக்கா, மூக்கில் துணி கட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த அள்ளலைப் பலகையில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் பழக்கத்தில் குனிந்து ஒரு பிடி பஞ்சை எடுத்தார். எறிந்தார். அது மூட்டைக்கு இந்தப் பக்கமே விழுந்தது.

அப்போது அவர் கத்தினார்.

"அடியே! நிறுத்து! கையை எடு! நிறுத்து!"

அந்த மனிதரின் உடம்புக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்ததை நான் அறிந்ததில்லை. மிஷினின் இரைச்சலைத் தாண்டி அது சுவரில் போய் மோதியது. அக்கா தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். கை தானாகப் போய் சுவிட்சைத் தட்டியது. உருளை முனகிக்கொண்டே சுற்றி, மெதுவாகி, நின்றது.

அவர் மூட்டைகளின் மேல் ஏறி அந்தப் பக்கம் விழுந்தார். பலகையின் மேல் கிடந்த பஞ்சை இரண்டு கையாலும் வாரி வெளியே எறிந்தார். பாக்கெட் முதலில் வந்தது, நசுங்கிப்போய். தீப்பெட்டியைக் காணவில்லை. அவர் முழங்கை வரை கையை விட்டு, பஞ்சை உள்ளே இழுக்கும் இடுக்கில் துழாவி, மெதுவாக, மிக மெதுவாக அதை உருவினார். ஒரு முனை ஏற்கெனவே உள்ளே கடிபட்டிருந்தது. பெட்டி பிளந்து குச்சிகளின் சிவப்புத் தலை தெரிந்தது. அதற்கு நேர் எதிரே, விரல் நுழையும் இடைவெளியில் முள்.

நான்தான் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் இரண்டையும் அதற்குள் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டார், ஏதோ உயிருள்ள சாமான் மாதிரி. கை விடவே இல்லை.

அக்கா மூக்குத் துணியை அவிழ்த்தாள். வாளியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நனைச்சுப் போட்டுட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அது மேலயே என்னையும் படுக்க வெச்சீங்க."

"ஆமா."

"என்னைக் கொல்லப் பாத்தீங்களே!" அவள் பஞ்சை வாரி வாரி அவர் மேல் அடித்தாள். பஞ்சால் அடித்தால் யாருக்கு வலிக்கும்? ஆனால் அவர் ஒவ்வொரு அடிக்கும் சுருங்கினார். அவள் அடித்து ஓய்ந்து, தரையில் உட்கார்ந்து, வெடித்து அழுதாள். அவரும் அழுதார். நான் ஒரு மூட்டையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அழுகை நடுவே அவள் கை தரையைத் தடவியது. காலையில் பிரித்துப் போட்ட நூலை எடுத்தாள். அவ்வளவு நீள நூலில் பிளேடு பட்டது ஒரே இடத்தில்தான், மீதியை அவள் உருவி எடுத்திருந்தாள். அதை விரலால் ஓட்டிக்கொண்டே போனாள். முனையில் அவர் மூலைக்குள் மறைத்த முடிச்சு, போட்டது போட்டபடி இருந்தது.

"பிரிக்கவே இல்ல" என்றாள். அவரிடம் சொல்லவில்லை, நூலிடம் சொன்னாள். "ஒரு தடவைகூட."

"ஒவ்வொரு நாளும் பிரிக்கத் தோணுச்சு" என்றார் அவர். "பொய் சொல்ல மாட்டேன். இனிமே சொல்லவும் மாட்டேன்."

அவள் மூக்கைச் சிந்தினாள். எதையோ கேட்பது போலத் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் கவனித்தேன். கடையில் ஒரே ஒரு ஆள்தான் இரைத்துக்கொண்டிருந்தது. அது நான்.

"எங்கேருந்து ஓடி வந்தீங்க?"

"தங்கச்சி வீட்லேருந்து."

"அடியிலேருந்தா? நடுவுல உக்காரலையா?"

அவர் யோசித்தார். "உக்கார மறந்துட்டேன்."

அக்கா எழுந்து வந்து அவர் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். கோபம் தீரவில்லை, எடுக்கிற கையிலேயே அது தெரிந்தது. இன்னும் பல நாளைக்கு அந்த வீட்டில் உப்புக் கரிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மிஷின் ஓடிட்டிருந்துச்சு" என்றாள். "ஆனா நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுங்க."